போலித் தபால் தலையைக் கண்டுபிடிப்பது எப்படி? மாட்டுங்கா ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். சங்கம், தலைவர், சந்தா எதுவும் கிடையாது; காபி உண்டு. புதிதாக வருபவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் நிபுணன் இல்லை. முப்பது வருடமாகச் சேர்க்கிறேன், அதில் பல தடவை ஏமாந்திருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி.

ஸ்டாம்பைப் போய் யாராவது போலியாக அடிப்பார்களா? நோட்டு அடித்தால் லாபமாச்சே?

நோட்டைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஸ்டாம்பை யார் பார்க்கிறார்கள்? அதுதான் போலி அடிப்பவனுக்கு வசதி.

போலியில் இரண்டு வகை. ஒன்று, தபால் துறையை ஏமாற்ற அடிப்பது. இன்னொன்று, நம்மை மாதிரி சேகரிப்பவர்களை ஏமாற்ற அடிப்பது. முதல் வகைக்கு எனக்குப் பிடித்த கதை லண்டனில் நடந்தது. 1872ல் அங்கே பங்குச் சந்தைக்குள் இருந்த தந்தி அலுவலகத்தில், தந்தி கொடுக்க வருபவர் பணம் கட்டுவார். படிவத்தில் ஒரு ஷில்லிங் பச்சை ஸ்டாம்பை ஒட்டி முத்திரை குத்தி உள்ளே வைத்துக்கொள்வார்கள். ஒட்டியது போலி, காசு யாரோ ஒருவர் பையில். படிவம் வாடிக்கையாளர் கைக்குத் திரும்பி வராது என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 26 வருடம் கழித்து, 1898ல், அந்தப் பழைய படிவங்கள் கழிவுக் காகிதமாக வெளியே வந்தபோதுதான் சார்லஸ் நிஸ்ஸன் என்பவர் கவனித்தார். காகிதத்துக்குள் மெல்லிய அடையாளமாக இருக்க வேண்டிய நீர்க்குறி இல்லை. அதைவிட வேடிக்கை, அந்தக் காலத்து இங்கிலாந்து ஸ்டாம்பில் நான்கு மூலையிலும் எழுத்துகள் இருக்கும். முழுத் தாளில் அந்த ஸ்டாம்ப் எந்த வரிசை, எந்த இடம் என்று சொல்லும் எழுத்துகள் அவை. போலி செய்தவர் அது புரியாமல், தாளிலேயே இல்லாத இடத்துக்கான எழுத்துகளைச் சிலவற்றில் போட்டுவிட்டார்.

இன்று அந்தப் போலிக்கே ஏலத்தில் நல்ல விலை. சேகரிப்பவர்கள் விசித்திரமான ஜாதி.

ஸ்டாம்ப் மோசடி என்றால் தெல்கி வழக்குதானே?

இல்லை. அப்துல் கரீம் தெல்கி விற்றது பத்திரம் பதிவு செய்ய வாங்குகிறோமே, அந்த முத்திரைத்தாளின் போலி. 30 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது, 2017ல் இறந்துபோனார். நம் கதை கடிதத்தில் ஒட்டும் ஸ்டாம்ப்.

தாத்தா காலத்து ஆல்பம் இது. பரணில் அப்படியே இருந்தது. எல்லாம் அசலாகத்தானே இருக்கும்?

செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. பதில் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

ஆல்பத்துக்கு வயதாகிவிட்டால் போலி அசலாகிவிடாது. போலி அடிப்பது ஸ்டாம்ப் சேர்ப்பது தொடங்கிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1860கள், 70களில் ஹாம்பர்க்கில் ஸ்பீரோ சகோதரர்கள் தாள் தாளாக அடித்து விற்றார்கள். ஜெனீவாவில் ஃபிரான்ஸ்வா ஃபூர்னியே என்பவர் 'நகல்' என்று வெளிப்படையாகவே விலைப் பட்டியல் போட்டு விற்றார். அசல் வாங்க வசதியில்லாதவர்கள் ஆல்பத்தின் காலிக் கட்டத்தை நிரப்ப வாங்கினார்கள். அப்பா ஒட்டியது மகனுக்கு வந்தது, மகன் பேரனுக்குக் கொடுத்தான். நகல் என்ற விஷயம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அந்த அம்மாவின் ஆல்பத்தில் வெளிநாட்டுப் பக்கங்களில் நாலைந்து சந்தேகத்துக்குரியவை இருந்தன. ஆனால் திருவிதாங்கூர் பக்கம் அத்தனையும் அசல். குடும்பம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர். வீட்டுக்கு வந்த கடிதங்களிலிருந்தே தாத்தா கிழித்து ஒட்டியிருக்கிறார். வந்த வழி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதாவது நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துக்கொள்வது. ஸ்டாம்பின் ஓரத்துத் துளைகளை அளக்கும் அளவுகோல். நுனி தட்டையான சாமணம். ஒரு புற ஊதா டார்ச். நோட்டுப் பார்க்க விற்பது போதும், லோஹார் சால் பக்கம் போனால் கிடைக்கும். கறுப்புத் தட்டு ஒன்று. அப்புறம் நல்ல பகல் வெளிச்சம், இதற்குக் காசு கிடையாது, ஆனால் மும்பை ஃபிளாட்டில் இதுதான் கிடைப்பது கஷ்டம்.

லென்ஸில் எதைப் பார்ப்பது? எனக்கு எல்லாம் புள்ளியாகத்தான் தெரிகிறது.

அந்தப் புள்ளிதான் விஷயம். படத்தைப் பார்க்காதீர்கள், மை காகிதத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். படத்தை யார் வேண்டுமானாலும் ஸ்கேன் செய்துவிடலாம். அச்சடித்த முறையைக் காப்பியடிக்க அந்தப் பழைய இயந்திரமே வேண்டும்.

விக்டோரியா காலம் முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை லண்டனில் டி லா ரூ நிறுவனம் நமக்கு அடித்துக் கொடுத்த ஸ்டாம்புகள் பெரும்பாலும் மேட்டச்சு. மேடாக இருக்கும் கோட்டில் மை தடவி அழுத்துவது, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. அழுத்தும்போது மை கோட்டின் ஓரத்துக்குப் பிதுங்கும். லென்ஸில் பார்த்தால் கோட்டின் கரை நடுவைவிடக் கறுப்பாக இருக்கும்.

செதுக்கல் அச்சில் தலைகீழ். பள்ளத்தில் இருக்கும் மையைக் காகிதம் உறிஞ்சி எடுக்கும், அதனால் மை மேடாக நிற்கும். 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரக்கும். அதுதான்.

ஃபோட்டோகிராவூர் என்பது நுண்ணிய குழிகளில் மை நிரப்பி அடிப்பது. முகத்தில் நிழல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எழுத்தின் ஓரத்தைப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும்.

ஆஃப்செட் தெரிய வேண்டுமானால் ஞாயிறு மலரில் நடிகை முகத்தில் லென்ஸை வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனிப் புள்ளிகள், பூ மாதிரி வட்டம் வட்டமாக. இங்க்ஜெட் இன்னும் மோசம், ஸ்ப்ரே அடித்த மாதிரி ஒழுங்கில்லாத தூறல். மேட்டச்சில் வந்திருக்க வேண்டிய விக்டோரியா தலையில் இந்தப் பூப்பூவான புள்ளிகள் தெரிந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சியே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. சமீப வருடங்களின் இந்திய நினைவு ஸ்டாம்புகள் ஆஃப்செட்டில் அச்சானவை. அதில் புள்ளியைப் பார்த்துவிட்டுப் போலி என்று கத்த வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் கத்தியிருக்கிறார்.

காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா சார்?

எல்லாக் கேள்வியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். இந்தியாவில் தொடங்குபவர் கையில் முதலில் சிக்கும் பெரிய போலி இதுதான்.

1948 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு. அன்று நான்கு ஸ்டாம்ப் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். நான்கிலும் இந்தியிலும் உருதுவிலும் 'பாபூ' என்று இருக்கும். அடித்தது சுவிட்சர்லாந்தின் கூர்வாஸியே அச்சகம், ஃபோட்டோகிராவூர் முறையில். கதர் கட்டிய மனிதருக்கு வெளிநாட்டு அச்சா என்று அப்போது யாரும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இதில் நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: பத்து ரூபாயை வாங்குவதற்கு முன்னால் ஒன்றரை அணாவை வாங்குங்கள். அது ஏராளமாக அடிக்கப்பட்டது, மலிவு, அதைப் போலியாக அடிக்க யாருக்கும் அக்கறை இல்லை. அச்சகம், அச்சு முறை, காலம் எல்லாம் அதே. துளை அளவும் அதே பதினொன்றரை, அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குள் அத்தனை துளை. பத்து ரூபாய் அளவில் பெரியது, இரண்டு நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வாரம் ஒன்றரை அணாவை லென்ஸில் பாருங்கள். எழுத்தின் ரம்பப் பல், நெற்றியில் நிழல் கரையும் விதம், துளை முனையில் பஞ்சு மாதிரி நார், பின்பக்கம் காகிதத்தின் நிறம். கண்ணுக்கு அது பழகிவிட்டால் போலி பத்து ரூபாய் கையில் வந்ததும் ஏதோ உறுத்தும். என்ன உறுத்துகிறது என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

நான் இதைச் செய்யாமல் வாங்கினேன். 2006ல் ஒரு மழை நாள் சாயங்காலம், ஃபோர்ட் நடைபாதையில் ஒரு வியாபாரி. பழைய நாணயம், வெளிநாட்டு நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் தார்ப்பாய்க்குக் கீழே பரப்பி வைத்திருந்தார். பயன்படுத்தாத காந்தி பத்து ரூபாய், நாலாயிரம் என்றார். மழைக்கு விரித்த தார்ப்பாய் நீல நிறம். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் ஸ்டாம்பின் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினேன், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அளவுகோலில் வைத்தால் பதினொன்றரைக் கோட்டில் முதல் மூன்று துளை உட்கார்ந்தது, நான்காவது நழுவியது. லென்ஸில் முகமெல்லாம் நிறப்புள்ளி. புற ஊதா டார்ச் அடித்தேன். டினோபால் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. பக்கத்தில் வைத்த என் ஒன்றரை அணா மங்கலாகச் சும்மா கிடந்தது. காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகக் கலக்க ஆரம்பித்தது 1950களுக்கு அப்புறம்தான். 1948 காகிதம் அப்படி ஒளிர்வதற்கு நியாயமே இல்லை.

அந்த செட்டிலேயே 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்தது இருக்கிறதாமே?

இருக்கிறது. கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக அச்சிட்டது. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ராஜாஜி. பத்து ரூபாயில் 'சர்வீஸ்' அடித்தது 100 மட்டுமே என்பார்கள். 2017ல் நான்கு சேர்ந்த ஒரு பட்டை ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலை போனது. ஆகவே நடைபாதையிலோ வாட்ஸ்அப் ஏலத்திலோ அது உங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தால் அது கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலச்சு போலியை எப்படிப் பிடிப்பது?

இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான போலி. ஸ்டாம்ப் அசல், மலிவானது. அதன் மேல் இரண்டு சொல்லை மட்டும் கள்ளத்தனமாக அடித்தால் விலை நூறு மடங்கு. காகிதம், துளை, நீர்க்குறி எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். பாட்டியாலா, குவாலியர், சம்பா, ஜிந்த், நாபா, ஃபரீத்கோட் சமஸ்தானங்களின் பெயரை பிரிட்டிஷ் இந்திய ஸ்டாம்பில் அடித்துப் பயன்படுத்தினார்களே, அதில் இந்த வேலை நிறைய. 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியில், சக்கரம், காசு என்ற பழைய சமஸ்தான நாணயக் கணக்கில் இருந்த ஸ்டாம்புகளில் அணாக் கணக்கை மேலே அடித்தபோது தலைகீழ், இரட்டை என்று நிஜமாகவே பிழைகள் வந்தன. பிழைக்கு விலை வந்ததும் போலிப் பிழையும் வந்துவிட்டது.

நான் பார்ப்பது ஒரே ஒரு இடம்: மேலச்சும் தபால் முத்திரையும் ஒன்றை ஒன்று வெட்டும் இடம். நியாயப்படி மேலச்சு கீழே, முத்திரை மேலே இருக்க வேண்டும். முத்திரை குத்திய ஸ்டாம்பை எடுத்து அப்புறம் மேலச்சு அடித்திருந்தால் கறுப்புச் சொல் முத்திரைக் கோட்டின் மேல் ஏறி நிற்கும். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அதற்குப் பிறகு, அதே மேலச்சுள்ள மலிவான அசலைப் பக்கத்தில் வைத்து எழுத்தின் உயரத்தை ஒப்பிடுங்கள்.

துளையை அளப்பதில் என்ன கணக்கு?

இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதுதான் எண். பாரிஸில் டாக்டர் லெகிராண்ட் 1866ல் தொடங்கி வைத்த கணக்கு, இன்றும் அதே. நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துளை ரொம்ப ஒழுங்காக இருந்து, ஸ்டாம்பின் அகலமும் ஒரு மயிரிழை குறைந்திருந்தால் அந்தப் பக்கம் கிழிந்திருந்து புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள்.

நீர்க்குறி சரியாக இருந்தால் அசல் என்று நம்பலாமா?

நம்ப முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். முதலில் நீர்க்குறி என்ன என்று சொல்லிவிடுகிறேன். காகிதம் ஈரமாக இருக்கும்போதே அழுத்தி ஏற்படுத்தும் மெல்லிய அடையாளம். இந்திய ஸ்டாம்பில் 1865லிருந்து யானைத் தலை, 1880களிலிருந்து ஒரு நட்சத்திரம், 1926ல் நாசிக்கில் அடிக்க ஆரம்பித்ததும் பல நட்சத்திரம். திருவிதாங்கூருக்குச் சங்கு, கொச்சிக்குக் குடை. சங்கு பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். மற்றதற்குக் கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் குப்புறப் போட்டு லைட்டர் பெட்ரோல் இரண்டு சொட்டு விடுவோம். அடுப்படியில் இதைச் செய்யாதீர்கள். கிராவூர் ஸ்டாம்புகளில் சிலவற்றின் மை இதில் கரையும், ஆகவே காந்தி மேல் வேண்டவே வேண்டாம்.

சரி, நம்பலாமா என்ற கேள்வி. ஜான் டி ஸ்பெராட்டி என்று ஒருவர் இருந்தார், இத்தாலியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்தவர். அவர் அந்தக் காலத்து மலிவான அசல் ஸ்டாம்பை எடுத்து மையை மட்டும் ரசாயனத்தால் வெளுத்துவிடுவார். காகிதம் அசல், நீர்க்குறி அசல், துளை அசல், பல சமயம் தபால் முத்திரைகூட அசல். அந்த வெற்றுத் துண்டில் விலை உயர்ந்த ஸ்டாம்பின் படத்தை அச்சிடுவார். 1942ல் அவர் லிஸ்பனுக்கு அனுப்பிய பார்சலைப் பிரெஞ்சு சுங்கத் துறை பிடித்தது. விலை உயர்ந்த சரக்கை வரி கட்டாமல் கடத்துகிறார் என்று வழக்கு. அவர் என்ன செய்வார் பாவம், இதெல்லாம் நானே செய்த நகல் என்று நீதிமன்றத்தில் சொன்னார். நிபுணர்கள் பார்த்துவிட்டு, இல்லை, அசல்தான் என்றார்கள்! 1954ல் பிரிட்டிஷ் பிலாட்டெலிக் அசோசியேஷன் என்ற தபால் தலைச் சேகரிப்பாளர் சங்கம் அவருடைய சரக்கு, கருவிகள் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. இனி அடிக்காமல் இருந்தால் போதும் என்றுதான்.

அவருடைய வேலையைப் பிடிப்பது அச்சைப் பார்த்துத்தான். மேட்டச்சாக இருக்க வேண்டிய இடத்தில் மை தட்டையாகப் படிந்திருக்கும்.

முத்திரை குத்திய ஸ்டாம்ப் என்றால் பாதுகாப்பா?

முத்திரையும் ரப்பரில் செய்யக் கிடைக்கும். இங்கே லென்ஸைவிட நினைவாற்றல் உதவும். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. நயா பைசா 1957 ஏப்ரல் 1. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969. பம்பாய் மும்பை ஆனது 1995, மெட்ராஸ் நகரம் சென்னை ஆனது அதற்கு மறு வருடம்.

ஒருமுறை ஒரு உறையைக் காட்டினார்கள். அணா ஸ்டாம்ப், முத்திரைத் தேதி 1956, மாட்டுங்கா தபால் நிலையம். எங்கள் ஊர் ஆச்சே என்று ஆசையாக வாங்கிப் பார்த்தேன். முத்திரையின் அடியில் 400 019. எங்கள் பின்கோடு, பதினாறு வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது.

இன்னொன்று, பேனாக் கோடு அழித்த ஸ்டாம்ப். 1906ல் வந்த அரை அணா, ஓர் அணாவில் 'தபால் மற்றும் வருவாய்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். ரசீதில் ஒட்டிக் கையெழுத்துப் போடவும் அதையே பயன்படுத்தினார்கள். அந்தக் கையெழுத்தைக் கழுவிவிட்டுப் புதிது என்றோ, மேலே போலி முத்திரை குத்தியோ விற்பதுண்டு. புற ஊதா வெளிச்சத்தில் பழைய பேனாக் கோடு பேய் மாதிரி எழுந்து வரும்.

கோந்து புத்தம் புதிதாக இருக்கிறது. நல்லதுதானே?

எழுபது எண்பது வருடம் மும்பை மழைக்காலத்தைப் பார்த்த கோந்து அப்படிப் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வழக்கமாக லேசாகச் சுருங்கியிருக்கும், மஞ்சளடித்திருக்கும், அங்கங்கே துரு மாதிரி புள்ளி. மறுபடி கோந்து தடவினார்களா என்று பார்க்கத் துளை முனைகளைத் தொட்டுப் பாருங்கள். அச்சகத்தில் முதலில் கோந்து, பிறகுதான் துளை. அதனால் முனையில் நார் மெத்தென்று இருக்கும். பிறகு தடவிய கோந்து முனைக்குள் ஊறி விறைத்திருக்கும்.

தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தவர். நேதாஜி அரசாங்கத்தின் ஆசாத் ஹிந்த் ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ஆசாத் ஹிந்த் ஸ்டாம்புகள் நிஜமாகவே அச்சானவைதான், 1943ல் பெர்லினில். ஆனால் தபாலில் புழக்கத்துக்கு வரவே இல்லை. ஸ்டாம்ப் மட்டும் தனியாக வந்தால் அசலா போலியா என்று பார்க்கலாம். அதை ஒட்டி, முத்திரை குத்தி, தபாலில் போன உறை என்று யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு நிறமே விழாத ஸ்டாம்ப், துளையே இல்லாத ஸ்டாம்ப் என்று அச்சுப் பிழைகள் விற்கிறார்களே?

வெயிலிலோ ரசாயனத்திலோ ஒரு நிறத்தை மட்டும் போக்குவது பெரிய வித்தை இல்லை. லென்ஸில் அந்த நிறத்தின் மிச்சம் ஏதாவது ஒரு ஓரத்தில் தெரியும். துளையில்லாத ஸ்டாம்பைத் தனியாக வாங்காதீர்கள், அகல ஓரமுள்ள ஸ்டாம்பின் பல்லைக் கத்தரித்திருப்பார்கள். இரண்டு சேர்ந்து, நடுவில் துளையில்லாமல் இருந்தால்தான் பேச்சு.

ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து எப்படி முடிவு செய்வது?

பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கறுப்புப் பின்னணியில், பெரிய அளவில் ஸ்கேன் கேளுங்கள். துளைகளை எண்ண முடியும். ஒரே ஆள் அரிதான ஸ்டாம்பை வாரா வாரம் விற்றால் யோசியுங்கள். 'தாத்தா வைத்திருந்தது, எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது' என்று தொடங்கும் விளம்பரத்தில் விலை மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

ஜி.பி.ஓ.வில் கொண்டுபோய்க் காட்டினால் சொல்ல மாட்டார்களா?

மும்பை ஜி.பி.ஓ.வுக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். 1913ல் கட்டி முடித்த கட்டடம், பிஜாப்பூர் கோல் கும்பஸை மனதில் வைத்துக் கட்டிய குவிமாடம், அதைப் பார்க்கவே போகலாம். அங்குள்ள பிலாட்டெலிக் பிரிவில் புது ஸ்டாம்புகள் முகமதிப்புக்கே கிடைக்கும். ஆனால் பழைய ஸ்டாம்பைச் சோதித்துச் சான்று தருவது அவர்கள் வேலை இல்லை.

சான்று வேண்டுமானால் லண்டன் ராயல் பிலாட்டெலிக் சொசைட்டி மாதிரி நிபுணர் குழு உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். செலவும் ஆகும், காலமும் ஆகும். ஆயிரம் ரூபாய் ஸ்டாம்புக்கு அது கட்டுப்படியாகாது. விற்பவர் சான்றிதழோடு கொடுத்தால், அதில் உள்ள படத்தின் துளை முனைகளை ஒவ்வொன்றாக ஸ்டாம்போடு ஒப்பிடுங்கள். வேறு ஸ்டாம்பின் சான்றிதழை இதற்கு மாட்டிவிடுவதும் நடக்கிறது.

போலி என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? வைத்திருந்தால் குற்றமா?

முதலில் வாங்கியவரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அதற்குத்தான் ரசீதில் 'ஸ்டாம்ப் ஒன்று' என்று எழுதவிடாமல் 'காந்தி 10 ரூபாய், 1948, அசல்' என்று எழுதி வாங்கச் சொல்கிறேன். சட்டத்தில் போலித் தபால் தலைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 263ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 186. செய்வது, தெரிந்தே விற்பது இரண்டும் குற்றம். தகுந்த காரணம் இல்லாமல் வைத்திருப்பதும் அதில் வரும். ஆகவே தெரிந்த பிறகு இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்பவர்கள் பின்னால் பென்சிலில் 'போலி' என்று எழுதிவிடுவார்கள். அழிக்க முடியாத மையில் எழுதினால் இன்னும் நல்லது என்பது என் கட்சி.

அங்கிள், உங்கள் அந்தப் போலி பத்து ரூபாய் இப்போது எங்கே?

என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில், ஒன்றரை அணாவுக்குப் பக்கத்தில். மறு வாரமே அந்த நடைபாதைக்குப் போனேன். வியாபாரி இருந்தார், தார்ப்பாயும் இருந்தது. எனக்கு வந்ததை உங்களுக்குக் கொடுத்தேன் சாப் என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நாலாயிரம் ரூபாய் டீ.

அதை ஒவ்வொரு கூட்டத்திலும் புதியவர்கள் கையில் கொடுத்து, எத்தனை தப்பு தெரிகிறது என்று கேட்பேன். நான் கண்டுபிடித்தது ஐந்து. போன மாதம் சயானிலிருந்து வந்த எட்டாம் வகுப்புப் பையன் லென்ஸை எடுக்காமல் திருப்பிப் பார்த்துவிட்டு, "துளை முனையெல்லாம் கொத்துகிறதே அங்கிள்" என்றான். தொட்டுப் பார்த்தேன். முனைக்கு முனை கோந்து, விறைத்துக்கொண்டு நின்றது. கோந்து பற்றி ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். இதை இத்தனை வருடமாகச் சாமணத்தாலேயே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.